அப்புவுக்காக நின்ற வரிசை: 2021 அக்டோபரில் பெங்களூரு துக்கம் காத்த விதம்

2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. காலையில் உடற்பயிற்சிக்குப் பிறகு, ரசிகர்கள் "அப்பு" என்று கூப்பிடுகிற கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாருக்கு நெஞ்சில் ஏதோ செய்திருக்கிறது. முதலில் குடும்ப மருத்துவரிடம் போனார், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்கு மேல் இறந்துவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது. வயது 46. அவருடைய அண்ணன் சிவராஜ்குமாரின் புதுப்படம் வெளியானதும் அன்றைக்குத்தான். காலைக் காட்சி கொண்டாட்டமாக ஓடிய தியேட்டர்களில் பிற்பகலில் காட்சிகளை நிறுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின.

அந்த ஷட்டர் சத்தம் பெங்களூருத் தமிழர்களுக்குப் பழக்கமானது. 1991 டிசம்பர் காவிரிக் கலவரம், 2000-இல் புனீத்தின் தந்தை, நடிகர் ராஜ்குமாரின் கடத்தல், 2006-இல் அவர் மரணம், 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரி. ஒவ்வொரு தடவையும் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஓக்லிபுரம், மர்ஃபி டவுன் பக்கத்து வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். வெளியே போன பிள்ளைகளுக்குப் போன் போட்டு "எங்கடா இருக்க, சீக்கிரம் வா" என்பார்கள். அன்றைக்கும் அந்தப் போன்கள் போயின. ஆனால் அடுத்த மூன்று நாளில் நடந்தது வேறு. அதே தெருக்காரர்கள் கப்பன் பூங்காவை ஒட்டிய கண்டீரவா விளையாட்டரங்கத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

இந்த ஆய்வு அந்த வரிசையைப் பற்றியது. தந்தையின் சாவுக்கும் மகனின் சாவுக்கும் நடுவில் பதினைந்தரை வருடம். குடும்பம் அதேதான், உடலை வைத்த அரங்கம் அதேதான், அடக்கம் செய்த இடமும் அதே கண்டீரவா ஸ்டுடியோ வளாகம். 2006-இல் தீயும் துப்பாக்கிச் சூடும், 2021-இல் வரிசையும் கண் தானமும். நடுவில் என்ன மாறியது? ரசிகர்கள் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அவர்களுக்கு முகம் பார்க்க வழி கிடைத்தது, அப்புறம் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது. நான் பார்த்த வரையில் காரணம் இந்த இரண்டும்தான்.

2006 ஏப்ரல்

டாக்டர் ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12 அன்று மதியம் சதாசிவநகர் வீட்டில் சரிந்தார். 77 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனை, திரும்ப வீடு, அப்புறம் அரங்கம் என்று உடல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கூட்டமும் அதன் பின்னாலேயே இடம் மாறியது. எங்கே வைப்பார்கள், எத்தனை மணி வரைக்கும் பார்க்கலாம், அடக்கம் எப்போது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மறுநாளே ஊர்வலம் கிளம்பிவிட்டது. முகம் பார்க்க முடியாதவர்களின் ஆத்திரம் பேருந்துக் கண்ணாடிகள் மேலும் பெரிய கம்பெனிகளின் கட்டடங்கள் மேலும் திரும்பியது. வண்டிகள் எரிந்தன, கண்ணீர்ப்புகை வீசினார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு காவலர் உட்படச் சிலர் இறந்தார்கள். கண்டீரவா ஸ்டுடியோவில் நெரிசலுக்கு நடுவே குடும்பத்தாரால் சடங்குகளை அமைதியாகச் செய்யக்கூட முடியவில்லை.

நாங்கள் அந்த இரண்டு நாளும் வீட்டுக்குள் இருந்தோம். அப்போதைய கலவரம் தமிழர்களைக் குறிவைத்தது என்று சொல்ல மாட்டேன், எல்லாருக்கும்தான் அடி விழுந்தது. ஆனால் எங்கள் பயத்துக்கு வேறு ஒரு வேர் இருந்தது. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் ராஜ்குமாரைக் கடத்தியது தமிழ்நாட்டு எல்லைக்குள், தாளவாடிப் பக்கத்துக் காஜனூர் வீட்டிலிருந்து. அவர் விடுதலையாக 108 நாள் ஆனது. வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் ஒன்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக் கிடந்த அந்தச் சிலையைப் பார்க்கிறபோதெல்லாம், அதற்காகக் காட்டில் ஒரு முதியவரைப் பிணையாக வைத்திருக்கிறார்கள் என்று கூசிப்போனவர்கள் இங்கே நிறைய. நகரத்தில் தமிழ்ப் படக் காட்சிகள் நின்றன. அந்த மனிதர் உயிரோடு திரும்பி வர வேண்டும் என்று தமிழர்கள் கோயில்களில் வேண்டிக்கொண்டதில் பயமும் இருந்தது, உண்மையான பிரியமும் இருந்தது. 2006-இல் அவர் போனபோது அந்தப் பிரியத்தை வெளியே காட்ட எங்களுக்கு இடம் இல்லை. வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நிற்பதற்கு?

சிலை கடைசியில் 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. காற்று கொஞ்சம் இளகியதும் அப்போதுதான்.

மூன்று நாள்

2021-இல் முதலமைச்சர் பசவராஜ் பொம்மை. பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2006-இல் முதலமைச்சராக இருந்த குமாரசாமியும் அப்போது பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான். அதனால் ஆட்சி அனுபவத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. அப்பாவின் சாவு சொல்லிக்கொடுத்ததை மகனின் சாவில் எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் முடிவு, வெள்ளிக்கிழமை சாயங்காலமே உடலைக் கண்டீரவா அரங்கத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே வைத்தது. நடுவில் எங்கும் நகர்த்தவில்லை. இரண்டாவது முடிவு, அடக்கத்தைத் தள்ளிப்போட்டது. மூத்த மகள் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தார், அவர் வர சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. இருட்டின பிறகு ஊர்வலம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலமைச்சரே அறிவித்தார். இந்த ஒரு அறிவிப்பு எத்தனை பேரைச் சாந்தப்படுத்தியது என்பதை அங்கே நின்றவர்கள் சொல்வார்கள். இன்னும் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாரும் தடுப்பை உடைக்க மாட்டார்கள். ஹூப்ளி, மைசூரு, சாமராஜநகர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கும் நேரம் கிடைத்தது.

மூன்றாவது, மதுக்கடைகளை ஞாயிறு இரவு வரை மூடியது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. துக்கமும் கூட்டமும் சேர்ந்த இடத்தில் சாராயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது சென்னையைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான்காவது, குடும்பம் பேசிய விதம். ராஜ்குமார் தன் ரசிகர்களை "அபிமானி தேவரு", அபிமானிகளான தெய்வங்கள் என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதைப் பழக்கம் பிள்ளைகளிடமும் இருந்தது. சிவராஜ்குமாரும் ராகவேந்திரா ராஜ்குமாரும் தம்பியின் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, யாரும் தங்களுக்குத் தீங்கு செய்துகொள்ளாதீர்கள், எங்களுக்கு நீங்களும் வேண்டும் என்ற பொருளில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். போலீஸ் கமிஷனர் சொன்னால் அது உத்தரவு. துக்கவீட்டுக்காரர் கைகூப்பிச் சொன்னால் அதை மீற மனசு வராது.

ஞாயிறு விடியும் முன்பே ஊர்வலத்தை எடுத்துவிட்டார்கள். சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தைச் சீக்கிரமாகக் கடந்து, காலை எட்டு மணிக்குள் அரசு மரியாதையோடு அடக்கம் முடிந்துவிட்டது. அண்ணன் மகன் வினய் சடங்குகளைச் செய்தார். தந்தை ராஜ்குமார், 2017-இல் இறந்த தாய் பார்வதம்மா ஆகியோரின் சமாதிகளுக்குப் பக்கத்திலேயே இடம். இவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட்டார்களே என்று காலையில் வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் நான் அந்த முடிவின் பக்கம்தான் நிற்பேன். இரண்டு ராத்திரி முழுக்க முகம் பார்க்க விட்டபிறகு அடக்கத்தைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிக்கொடுத்தார்கள். 2006-இல் பறிபோன அமைதி அந்தக் குடும்பத்துக்கு இந்தத் தடவை கிடைத்தது.

அதோடு நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை பால்-நெய் சடங்கு குடும்பத்தாருக்கு மட்டும். புதன்கிழமை, நவம்பர் 3 முதல், சமாதியைப் பார்க்கப் பொதுமக்களை விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏமாந்தவர்களுக்கு மூன்றே நாளில் ஒரு வாசல் திறந்தது.

வரிசையில் நின்ற தமிழர்கள்

வரிசையில் பேசிக்கொண்ட மொழிகளைக் காதில் வாங்கினால் அது இந்த ஊரின் மொழிகளாகவே இருந்தது. கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ். பெங்களூரு பேட்டைகளில் பேசுகிற தமிழ் தனி. "குரு" என்று ஆரம்பித்து "மச்சா" என்று முடியும், நடுவில் பாதி கன்னடம். ஸ்ரீராமபுரம் பக்கத்து நட்ராஜிலும் அல்சூர் பக்கத்து லாவண்யாவிலும் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த பையன்கள், தங்கள் அபிமானத் தமிழ் நடிகருக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர்கள், அன்றைக்கு அப்புவுக்காக ராத்திரி முழுக்க நின்றார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் வைத்த அஞ்சலிப் பலகைகளில் "மத்தே ஹுட்டி பா அப்பு" (மறுபடியும் பிறந்து வா அப்பு) என்று கன்னடத்தில் மேலேயும், "கண்ணீர் அஞ்சலி" என்று தமிழில் கீழேயும் இருந்தது. இரண்டு மொழியும் ஒரே பலகையில் வருவது இந்த ஊரில் சாதாரணம் கிடையாது. யாரும் அதைக் கிழிக்கவில்லை.

அவர் எங்களுக்கு அன்னியரும் இல்லை. கன்னட சினிமா சென்னையில் வேர்விட்டிருந்த காலத்தில், 1975 மார்ச் 17 அன்று சென்னையில் பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். சமுத்திரக்கனியின் இரண்டு தமிழ்ப் படங்களின் கன்னட வடிவங்களில் அவர்தான் நாயகன், அதில் ஒன்றைச் சமுத்திரக்கனியே இயக்கினார். குழந்தை நட்சத்திரமாக நடித்து, பத்து வயதில் நடித்த ஒரு படத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர். அடக்கம் முடிந்த சில நாளில் சமாதிக்கு வந்த சூர்யா, இரண்டு பேரும் தாய் வயிற்றில் இருந்தபோதே இரண்டு குடும்பமும் சந்தித்த கதையைச் சொல்லி அழுதார். சூர்யாவும் 1975-இல் பிறந்தவர், நான்கு மாதம் இளையவர்.

ஆனாலும் இவ்வளவு அழுகை எங்கிருந்து வந்தது என்பதற்கு சினிமாவை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. அது 2021. ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை இந்த ஊரை எப்படி அடித்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ்கள் மின்மயானங்களின் வாசலில் மணிக்கணக்காக நின்றன. சாமராஜபேட்டை மயானத்தில் தியேட்டரில் தொங்கவிடுவதுபோல "ஹவுஸ்ஃபுல்" பலகை வைத்தார்கள். ஊருக்கு வெளியே தாவரேகெரே பக்கம் திறந்தவெளியில் எரித்தார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றின அப்பாவின் முகத்தை, அத்தையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பால் ஊற்றவில்லை, பதினாறாம் நாள் செய்யவில்லை, வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கவும் ஆள் இல்லை. தமிழ்ச் சினிமாவும் அந்த ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக்கை இழந்திருந்தது, 59 வயதில். ஜூனில் கன்னட நடிகர் சஞ்சாரி விஜய் சாலை விபத்தில் போனார்.

ஆறு மாதம் கழித்து, அக்டோபரில், முதல்தடவையாக ஒரு முகத்தை எல்லாரும் சேர்ந்து பார்க்க முடிந்தது. வரிசையில் அழுதவர்கள் எல்லாரும் அப்புவுக்காக மட்டும் அழுதார்கள் என்று நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் கொரோனாவில் கணவரை இழந்த அக்கா ஒருவர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து இரண்டு நாளும் அழுதார். அவர் அப்புவின் படம் தியேட்டரில் பார்த்ததே கிடையாது. "இந்த மாதிரி ஒரு மாலைகூட அவருக்குப் போடலையே" என்று மட்டும் சொன்னார். ரசிகர்களின் துக்கத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்த அக்காவைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

இருண்ட பக்கம்

இந்த நிகழ்வை முழுக்க முழுக்க நல்லதாக எழுதினால் அது பொய். செய்தி கேட்டு நெஞ்சடைத்து இறந்த ரசிகர்கள் இருந்தார்கள். தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள், பலர் இளைஞர்கள். குடும்பம் கெஞ்சியும் அது நடந்தது. அந்த மரணங்களை அன்பின் அளவாகச் சில சானல்கள் காட்டியது பெரிய தவறு. ஒரு சாவை வீரமாகக் காட்டினால் அடுத்த வீட்டுப் பையன் அதைப் பார்க்கிறான். இரங்கல் கூட்டங்களில் அந்த இளைஞர்களின் படத்தை நடிகரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து மாலை போடுவதையும் நான் ஏற்கவில்லை. அவர்கள் வீட்டில் போய் அம்மாவைப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்பது வேறு. அதைத்தான் செய்ய வேண்டும். இப்போது 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். ரசிகர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் போஸ்டர் போடும்போதே அந்த எண்ணையும் போடலாம்.

இன்னொன்று, அவரை முதலில் பார்த்த குடும்ப மருத்துவர்மேல் பாய்ந்த கோபம். ஏன் உடனே அனுப்பவில்லை, ஏன் இதைச் செய்யவில்லை என்று மருத்துவம் தெரியாதவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் அவர் வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்புப் போட வேண்டிவந்தது. திடீர் சாவு வந்தால் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்கினால்தான் மனசு ஆறும் என்பது பழைய நோய். 2006-இல் அந்தக் கோபம் கட்டடங்கள்மேல் போனது, 2021-இல் ஒரு மனிதர்மேல் போகப் பார்த்தது.

கண்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது.

இறந்த அன்றே குடும்பம் புனீத்தின் கண்களைத் தானம் செய்தது. அந்த வீட்டில் இது புதிது இல்லை. ராஜ்குமார் குடும்பத்தோடு கண் தானத்துக்கு உறுதி கொடுத்தவர். நாராயணா நேத்ராலயா கண் மருத்துவமனையில் அவர் பெயரிலேயே கண் வங்கி 1990-களிலிருந்து நடக்கிறது. 2006-இல் அவர் கண்களும் தானமாகப் போயின. ஆனால் அன்றைய தீயில் அந்தச் செய்தி யார் காதிலும் சரியாக விழவில்லை.

2021-இல் விழுந்தது. பொதுவாக இரண்டு கண்ணால் இரண்டு பேருக்குத்தான் பார்வை கிடைக்கும். இந்தத் தடவை மருத்துவர்கள் ஒவ்வொரு கருவிழியையும் படலம் படலமாக இரண்டாகப் பிரித்தார்கள். சிலருக்குக் கருவிழியின் முன்பக்கம் மட்டும் கெட்டிருக்கும், சிலருக்கு உள்பக்கத்து மெல்லிய படலம் மட்டும் கெட்டிருக்கும். முன்னதுக்கு முன்படலம், பின்னதுக்குப் பின்படலம். இப்படி இரண்டு கண் நான்கு பேருக்குப் போனது. நான்கு பேரும் கர்நாடகத்து இளவயதினர். அறுவைச் சிகிச்சைகள் மறுநாளே நடந்தன, அதாவது அரங்கத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோதே.

மருத்துவர்கள் இதைச் செய்தியாளர்களிடம் விளக்கியது அடக்கம் முடிந்த கையோடு. அந்த நேரம்தான் முக்கியம். மூன்று நாள் நின்று, அழுது, வீட்டுக்குத் திரும்பியவனுக்குக் கை சும்மா இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது. "அப்பு கண்ணு குடுத்தார், நாமும் குடுக்கலாம்" என்று அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. கண் தான உறுதிப் படிவங்கள் மாநிலம் முழுக்கக் குவிந்தன. படிவத்தோடு நிற்காமல், வீட்டில் சாவு விழுந்தபோது நிஜமாகவே கண் வங்கியைக் கூப்பிட்டவர்களும் அந்த மாதங்களில் அதிகமானார்கள். தமிழ்ப் பேட்டைகளில் இது எளிதாக நடக்கிற காரியம் இல்லை. அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்க வேண்டிவரும் என்ற பயம் எங்கள் பாட்டிகளுக்கு இன்னும் உண்டு. "அப்புவே குடுத்துட்டாரே" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பயத்தைத் தாண்ட உதவியது. பிரசாரத் துண்டறிக்கைகள் வருடக்கணக்கில் செய்யாததை அது செய்தது.

நவம்பர் 9 அன்று அரண்மனை மைதானத்தில் குடும்பம் ரசிகர்களுக்கு அன்னதானம் போட்டது. பல்லாயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள். சிவராஜ்குமாரும் ராகவேந்திராவும் புனீத்தின் மனைவி அஷ்வினியும் தாங்களே பரிமாறினார்கள். அங்கேயே ரத்த தானமும் நடந்தது. வரிசையில் நின்றவனைச் சாவு வீட்டு உறவினனாக ஏற்றுக்கொண்டு இலை போட்ட நிகழ்ச்சி அது. இதன் மதிப்பைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதற்கப்புறம்

மரணத்துக்கு அடுத்த வாரங்களில் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு இளவயதுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் பயமும் இருந்தது. ஜிம்முக்குப் போவதையே நிறுத்தியவர்களும் உண்டு, அது தேவையில்லாத பீதி. ஆனால் அந்தக் கவலையை அரசு ஒரு திட்டமாக மாற்றியது. 2023 நவம்பரில் புனீத் பெயரில் "ஹிருதய ஜோதி" தொடங்கியது. தாலுகா மருத்துவமனையில் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனே ஈசிஜி எடுத்து, பெரிய இதய மருத்துவமனையின் நிபுணர்களுக்குச் சில நிமிடத்தில் அனுப்புகிறார்கள். மாரடைப்பு என்று உறுதியானால் ரத்தக்கட்டைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போடுகிறார்கள். வெளியில் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகிற ஊசி அது. மாரடைப்பில் முதல் ஒரு மணிநேரம்தான் எல்லாமே. சிலைகளைவிட இந்த நினைவுச் சின்னத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2022 நவம்பர் 1 அன்று சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா முன்னால் மழையில் அவருக்கு மாநிலத்தின் உயரிய விருதான கர்நாடக ரத்னா கொடுத்தார்கள். ரஜினிகாந்த் வந்து கன்னடத்தில் பேசினார். 2021-இல் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை, அந்த நாட்களில் அவரே சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். அனுமந்தநகரில் வளர்ந்த பையன் ஒரு வருடம் கழித்து வந்து கடனைத் தீர்த்தார் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆட்டோக்களின் பின்னால் 1990-இல் இறந்த கன்னட நடிகர் சங்கர் நாக் படம் இன்னும் ஒட்டியிருக்கும். இப்போது பல ஆட்டோக்களில் அவருக்குப் பக்கத்தில் அப்பு.

பக்கத்தில் வைத்துப் பார்க்க சில மரணங்கள்

விவேக் இறந்தபோது கொரோனா கட்டுப்பாடுகளால் பெரிய கூட்டம் கூட முடியவில்லை. ஆனால் அவர் ரசிகர்களுக்கு ஒரு வேலையை முன்பே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்துல் கலாமின் தூண்டுதலில் ஒரு கோடி மரக்கன்று என்று இலக்கு வைத்தவர், முப்பது லட்சத்துக்கு மேல் நட்டிருந்தார். பெங்களூரிலும் தமிழ் இளைஞர்கள் அவர் பெயரில் கன்று நட்டார்கள். கூட்டமே இல்லாமல் துக்கம் காக்க முடிந்தது.

விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 அன்று காலமானார். முதல் நாள் கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் நெரிசல் மோசமாக இருந்தது. மறுநாள் தீவுத்திடலுக்கு மாற்றியதும் வரிசை நகர ஆரம்பித்தது. இடம் சரியாக அமைந்தால் கூட்டம் தானே ஒழுங்காகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கேயும் அவருக்குச் செய்தது சோறு போடுவதுதான். வேறு என்ன செய்தாலும் அவருக்குப் பொருந்தாது.

2025 ஜூலை 14 அன்று மல்லேஸ்வரம் வீட்டில் பி. சரோஜாதேவி இறந்தார், 87 வயது. எம்.ஜி.ஆரோடு மட்டும் 26 படம் நடித்தவர். இரண்டு மாநிலமும் தங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லக்கூடியவர். அவர் வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலும் நரைத்த தலைகள். அதிக ஆரவாரம் இல்லை. மறுநாள் சென்னபட்டணா தாலுகா தசவாரா கிராமத்தில் அரசு மரியாதையோடு தாயின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவரும் கண் தானம் செய்திருந்தார். 87 வயதில் கொடுத்த கண்ணும் பயன்படும் என்பதை அந்தச் செய்தி பலருக்குச் சொன்னது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் கன்னட நடிகர் விஷ்ணுவர்தன். 2009 டிசம்பர் 30 அன்று இறந்தார், உத்தரஹள்ளி-கெங்கேரி பக்கத்து அபிமான் ஸ்டுடியோவில் தகனம் செய்தார்கள். அந்த நிலத்தின் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அரசு நினைவிடம் 2023-இல் மைசூரு அருகே திறந்தது. 2025 ஆகஸ்டில் அபிமான் ஸ்டுடியோவில் இருந்த சமாதியை இடித்தார்கள். பதினைந்து வருடமாக அங்கே விளக்கேற்றிய ரசிகர்கள் இடிபாட்டைப் பார்த்து அழுததைப் பார்த்தபோது, போய் நிற்பதற்கு ஓர் இடம் என்பது எவ்வளவு அடிப்படையான தேவை என்று புரிந்தது. அப்புவின் ரசிகர்களுக்கு அந்த இடம் மூன்றாம் நாளே கிடைத்தது.

இங்குள்ள தமிழ் ரசிகர் மன்றங்களுக்கு

அடுத்து யார் என்று நினைக்கவே மனசு வரவில்லை, ஆனால் வரத்தான் போகிறது. நம் அபிமான நடிகர்கள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கிற மன்றங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர் வழியாகச் சென்னைக்கு வண்டி பிடிப்பதை மட்டும் ஏற்பாடாக நினைக்கின்றன. போக முடியாதவர்களே அதிகம். அவர்களுக்காக இங்கேயே ஓர் இடம் வேண்டும். சங்கக் கட்டடமோ கல்யாண மண்டபமோ, படம் வைத்து, ராத்திரி முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்களையும் கூப்பிட வேண்டும், அவர்கள் வருவார்கள், அப்புவுக்கு நாம் போனோமே. கண் தானப் படிவமும் ரத்த தான ஏற்பாடும் அன்றைக்கே அங்கே இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து முகாம் வைத்தால் பத்துப் பேர்தான் வருவார்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் கூப்பிட்டால்தான் தானம் நடக்கும், அதனால் அம்மா, மனைவி, பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டும். இறந்து ஆறு மணிநேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் போதும். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணிநேரத்துக்குள் வேலை முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை ஆபரேஷன் செய்தவர், இவர்களும் கொடுக்கலாம்.